விளம்பரத்தில் இல்லாத கால்கள்

தெல்தோட்டை பஸ் கண்டி நெரிசலில் நின்றது. வெளியே பெரிய தேயிலை விளம்பரப் பலகை. முன் சீட்டுப் பெண் அதைத் தோழியிடம் காட்டினாள்.

"அந்தா நிக்கிறது நான்தான். கால வெட்டிட்டானுங்க."

"என்னடி சொல்ற?"

"வெறுங்காலோட கொழுந்து பறிச்சேன். படம் புடிச்சவங்க மொதல்ல கம்ப்யூட்டர்ல என் காலுக்கு சப்பாத்து மாட்டிட்டாங்க. பாக்கிறவங்க மனசு நோகக் கூடாதாம்."

"நீ கேக்கலயா?"

"போன்ல கேட்டேன். நெசமா சப்பாத்து வாங்கிக் குடுங்க, இல்லாட்டி என் கால அப்படியே காட்டுங்கன்னேன். அதுக்குத்தான் படத்த இடுப்போட வெட்டிட்டானுங்க."

"சும்மாவா விட்ட?"

"இன்னிக்கு அவங்க ஆபீசுக்கே போனேன். செருப்பக் கழட்டிட்டு, அட்டை கடிச்ச காலோட நடுவுல நின்னு, இதப் படம் புடிங்கன்னேன்."

"புடிச்சாங்களா?"

"ஒருத்தனும் குனிஞ்சுகூட பாக்கல."