முழங்கையை எங்கே ஊன்றுவது

புதிதாக விளையாட வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். இருக்கிற பொத்தான்கள் அத்தனையையும் சேர்த்து அமுக்குவார்கள். திரையில் இரண்டு பேர் அடித்துக்கொள்கிற விளையாட்டுதானே, வேகமாக அமுக்கினால் வேகமாக அடி விழும் என்று நினைப்பு. அவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் நான் இல்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "கையை எடுங்க, முதல்ல அடி வாங்காம இருக்கக் கத்துக்கலாம்" என்பேன். அந்த வீடியோ கேம் கூடத்தில் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவது அதனால்தான்.

நீங்கள் இதை ஆடியதில்லை என்றீர்கள், மேடம். அடிப்படை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எதிராளியின் கை எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். அவன் அடித்துத் தவறவிடும்வரை காத்திருந்து, தவறவிட்டதும் சின்னதாக ஓர் அடி. சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் போதும். கை அதை நம்புவதற்குத்தான் மாதக்கணக்காகும். எனக்குப் பொறுமை உண்டு. வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் எப்போதும் திரையின் மூலையில் போய் ஒட்டிக்கொள்வார். அவருக்குப் பல்லி என்று பெயர் வைத்தேன். வீட்டிலும் அவர் அப்படித்தான் என்று அவர் மனைவியே வந்து சொல்லிவிட்டுப் போனார். அலுக்காமல் அவரை இழுத்து இழுத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். இன்றுவரை சுமாராகத்தான் ஆடுகிறார். அவருடைய கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நீங்களே விசாரித்துக்கொள்ளலாம்.

ஊசியைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பெயரும் நான் வைத்ததுதான். ஒல்லியான பெண், சலவைக் கடையில் துணி வாங்கி வைக்கிற வேலை. முதல் நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான், கையாலேயே பேசிக்கொள்வார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் ஊசி பின்னால் திரும்பி அம்மாவிடம் ஏதோ சொல்வாள். அந்த விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்களுக்கு நான் வருடக்கணக்கில் கொடுக்கப் பாடுபடுவது இவளுக்கு வீட்டிலேயே கிடைத்திருந்தது.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"முதுகை நிமித்தி உக்காரச் சொல்றாங்க மாஸ்டர். எங்க போனாலும் இதே பாட்டுதான்."

சிரித்தோம். அவளை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

இந்த மாதிரிக் கைகள் எப்போதாவதுதான் வரும். வந்தால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இதைச் சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய அணிக்காரர்கள் ஒரு நாள் வந்து பின்னால் நின்று பார்ப்பார்கள். மறுவாரம் நாற்காலி காலியாகிவிடும். பிறகு ஏதாவது ஒரு பேட்டியில், யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால், "நானே கத்துக்கிட்டேன்" என்பார்கள். அதைக் கூடத்துப் பெரிய திரையில் எல்லோரோடும் சேர்ந்து நானும் பார்க்க வேண்டும். வயிறு எரிந்ததா என்றால், எரிந்தது. அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

என் இடது கையைப் பாருங்கள். சுண்டு விரலும் பக்கத்து விரலும் நிமிராது. ஒரு காலத்தில் நானும் பெரிய ஆட்டக்காரன். திரையில் ஆளை நகர்த்துகிற கைப்பிடியை அசைக்கும் கையின் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு நாள் முழுக்க ஆடுவேன். முழங்கை எலும்புக்குப் பின்னால் ஒரு நரம்பு போகிறதாம். கையை மடக்கி, கூர்மையான விளிம்பில் அழுத்திக்கொண்டே இருந்தால் அது செத்துப்போகும். முதலில் விரல்கள் மரக்கும், பிறகு சுருண்டுவிடும். மரக்கும்போதே நிறுத்தியிருந்தால் சரியாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டேன்.

ஊசி என்னை முதல்முறை ஜெயித்த வாரத்தில்தான் அவளுக்கு முழங்கை ஊன்றக் கற்றுக் கொடுத்தேன். "நல்லா மடக்கு. விளிம்புல அழுத்து. அசையவே கூடாது" என்றேன். பொய் சொல்லவில்லை, அப்படி ஊன்றினால் ஆட்டம் நிஜமாகவே நிதானப்படும். அவள் மேசை விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. வழுக்குகிறது என்று நானே அதை உரித்து எடுத்தேன். கூடத்து முதலாளி அதற்காக என்னைக் கொஞ்சம் கடிந்துகொண்டார்.

அவள் இன்னும் நன்றாக ஆடினாள். அணிக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், அடுத்த போட்டி முடிந்ததும் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். சம்பளம் வந்ததும் அம்மாவையும் அணி இருக்கிற இடத்துக்கே கூட்டிக்கொள்வாளாம்.

ஒரு சாயங்காலம் கையை உதறிக்கொண்டே வந்தாள். "மாஸ்டர், இந்த ரெண்டு விரலும் மரத்துப் போகுது."

"கை பழகுதுன்னு அர்த்தம். எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

அவள் என் விரல்களைப் பார்த்திருக்கிறாள். சின்ன வயசில் கதவிடுக்கில் மாட்டியது என்று சொல்லி வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "நான் பேசறது அம்மாவுக்குப் புரிய மாட்டேங்குது மாஸ்டர், குழந்தை மாதிரி உளர்றேனாம்" என்றாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நிறுத்திடட்டுமா?" என்று கேட்டாள். என்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பாள்.

"போட்டி முடியட்டும்மா. இப்ப விட்டா எல்லாம் வீணாப் போயிடும்" என்றேன்.

போட்டியில் அவளால் கைப்பிடியைப் பிடிக்கவே முடியவில்லை. அணிக்காரர்கள் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு போனார்கள். அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் இதே போல் ஒரு கையை முன்பே பார்த்திருக்கிறார். அந்தக் கைக்கு உரியவனும் என்னிடம் கற்றவன்தான், அருமையான ஆட்டக்காரன். நீங்கள் எங்கே விளையாடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதால் நீங்களும் நானும் இன்று இந்த விசாரணை அறையில் உட்கார்ந்திருக்கிறோம். ஆமாம், மேடம், தெரிந்துதான் செய்தேன். இரண்டு பேருக்கும் செய்தேன். எந்த நாளில் நிறுத்தினால் கை பிழைக்கும் என்பதும் தெரியும், அந்த நாள் கடந்து போவதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர்களை யாரும் என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை நடந்த அன்று அவள் அம்மா கூடத்துக்கு வந்தார். நேராக என் முன்னால் வந்து நின்று கையால் பேச ஆரம்பித்தார். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தார். உள்ளங்கையில் ஓங்கித் தட்டினார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. பல்லிகூட எழுந்து நின்றுவிட்டார். நடுவில் நின்று சொல்ல ஊசி இல்லை, இருந்திருந்தாலும் என் பதிலை அந்தக் கையால் அம்மாவுக்குச் சொல்லியிருக்க முடியாது. நான் கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

அது கேமராவில் பதிவாகியிருக்கிறது என்கிறீர்கள். அந்தப் பாஷை தெரிந்தவர் ஒருவரை வெளியே உட்கார வைத்திருக்கிறீர்கள், அந்த அம்மா என்ன சொன்னார் என்று அவர் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை சொல்வார் என்கிறீர்கள். வேண்டாம், மேடம், அவரைப் போகச் சொல்லுங்கள். பெற்ற மகள் தன்னை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டவனுக்கு ஒரு தாய் எப்படி நன்றி சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா.