சேக்காட்டு வீட்டில் நிற்கும் தண்ணீர்

கசிவுக்குக் காலனே! குழாய்க்குக் காவலரே! சணலும் மக்குமாய்ச் சந்து சந்தாய்ச் சைக்கிள் மிதித்த சலியாத செம்மலே! ஆவடிக் குடியிருப்புகளின் அடியில் ஓடிய நீரையெல்லாம் அடக்கி ஆண்ட அண்ணலே! பிட்டர் உலகநாதனாரே! ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஜூன் திங்கள் இறுதி நாளாகிய இன்று, தாங்கள் பணியிலிருந்து விடைபெறும் இவ்வேளையில், கலங்கிய கண்ணும் கம்மிய குரலுமாய்த் தங்கள் முன் நிற்கிறோம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகையால் அவையோரைப் பார்த்துச் சொல்கிறோம். தாங்கள் மாலையைப் பிடித்துக்கொண்டு கேளாதவர்போல் உட்கார்ந்திருங்கள்.

அவையோரே! வாஷ்பேசினின் அடியில் தண்ணீர் வெளியேறும் பித்தளை வாய்க்கு எங்கள் பராமரிப்புப் பிரிவில் ‘வேஸ்ட்’ என்று பெயர். அதை மாட்டுவதில் உலகநாதனாரின் பிடிவாதத்துக்கு அளவே கிடையாது. துளையைத் துடைத்து ஈரம் போகக் காயவிடுவார். விளிம்புக்கு அடியில் கசிவை அடைக்கும் பசையான மக்கை உருட்டி வைப்பார். மரையில் சணல் சுற்றி, வெள்ளைப் பெயிண்ட் பூசி, கீழே ரப்பர் வாஷர் கொடுத்து, நட்டைக் கையாலேயே முறுக்குவார். ஸ்பேனர் கடைசியில்தான் வரும், அதுவும் செல்லமாக. ஒருமுறை அவசரப்பட்டு இறுக்கிப் பீங்கானை விரிசல் விடவைத்த எங்கள் சுலைமான் அன்று வாங்கிய வசவை நாங்கள் இந்த மேடையில் சொல்ல முடியாது.

பிறகு சங்கிலி கோத்த ரப்பர் அடைப்பானால் அந்த வாயை மூடி, பேசினை நிரப்பி, கீழே காய்ந்த செய்தித்தாளை விரித்துவிட்டுக் காத்திருப்பார். தாள் நனையாவிட்டாலும் அவர் அடைப்பானைத் தொடமாட்டார். அந்த வீட்டுப் பெண்மணியைக் கூப்பிட்டு, “நீ இழும்மா” என்பார். புழங்கப்போகிற கை சங்கிலியை இழுத்து, தண்ணீர் வடிந்தால்தான் வேலை முடிந்தது. அவர் வைத்த அந்த வழக்கம் எங்கள் பிரிவில் இன்றளவும் சட்டம்.

ஊருக்கெல்லாம் பேசின் மாட்டியவர் குடியிருந்த சின்னக் குவார்ட்டர்ஸில் பேசின் இல்லை. அவருடைய துணைவியார் தாட்சாயிணி அம்மையார் அண்டாவிலிருந்து மொண்டு மொண்டுதான் முகம் கழுவினார். சேக்காட்டில் சொந்த வீடு எழும்பத் தொடங்கியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. நின்றபடி, கண்ணாடி பார்த்து முகம் கழுவ வேண்டும். “ரிடையர் ஆனதும் மாட்டிக் குடுக்கறேன்” என்றார் இவர். அந்த ‘ஆனதும்’ என்ற சொல்லை நினைத்து இப்போது தலையில் அடித்துக்கொள்கிறார். சென்ற தை மாதம் பக்கவாதம் வந்து, அம்மையாரின் வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

அதன் பிறகுதான் அவர் சேக்காட்டு வீட்டுக்குப் பேசின் வாங்கினார். நாற்காலியில் உட்கார்ந்தால் எட்டும்படி தாழ்வாக மாட்டினார். அம்மையார் அந்தச் சங்கிலியை இழுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை அவருக்குள் எப்படியோ புகுந்துவிட்டது. “அவ கையால அந்தத் தண்ணி எறங்கட்டும், அப்பறம் பாரு, எய்ந்து நடப்பா” என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்களில் யாருக்கும் மறுத்துப் பேச மனம் வரவில்லை.

சென்ற ஞாயிறு இந்த விழாவுக்கு அழைக்கப் போனோம். பேசின் நிறையத் தண்ணீர் நின்றது. கீழே தாள் மொரமொரவென்று காய்ந்திருந்தது. எங்களில் சுலைமானும் ஜேம்ஸும் அம்மையாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து பேசின் முன்னால் வைத்தார்கள். அம்மையார் இடது கையால் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். சங்கிலி விறைத்தது, அடைப்பான் அசையவில்லை. மறுபடியும் இழுத்தார். அப்போதும் அது வரவில்லை.

“நல்லாதான் மாட்டிக்கீறீங்க. ஒரு சொட்டு ஒழுவல. வுடுங்க” என்றார் அம்மையார்.

ஜேம்ஸ்தான் மெல்லச் சொன்னார்: “அண்ணாத்தே, கொஞ்சம் தண்ணிய மொண்டு ஊத்திட்டா பாரம் கொறையும், ஈஸியா வந்துடும்.”

உலகநாதனார் சொம்பை எடுத்து மொண்டார். அதைப் பார்த்த அம்மையாரின் முகம் சுருங்கிப்போனது.

“மொண்டு ஊத்துறதுக்கு இன்னாத்துக்குப் பேசினு? அதான் இத்தினி வருசமா மொண்டுகினே இருந்தனே” என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சொம்பு அப்படியே கீழே வைக்கப்பட்டது. வேறு யாரையும் சங்கிலியைத் தொட உலகநாதனார் விடவில்லை, தானும் தொடவில்லை. வாசலுக்கு வந்து செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். வெட்கமில்லாமல் சொல்கிறோம், எங்களுக்கு அழுகை வந்தது. அந்தத் தண்ணீர் இன்றைக்கும் அங்கே வடியாமல் நிற்கிறது.

நாங்கள் கிளம்பும்போது, இந்த வாழ்த்து மடலில் நூறாண்டு வாழ்க என்று எழுதப்போவதாகச் சுலைமான் சொன்னார்.

“எனக்கு இன்னாத்துக்குடா நூறு? அவளுக்கு முன்னாடி நான் பூட்டா, அவள யாருடா தூக்கி ஒக்கார வெப்பா?” என்றார் உலகநாதனார்.

பெருமைக்குரிய பெரியவரே! இப்போது தங்களைப் பார்த்தே பேசுகிறோம். தங்கள் பணியைப் புகழப் பல பாட்டு எழுதலாம். தங்கள் வீட்டுத் துயரத்துக்கு எங்களிடம் ஒரு சொல்லும் இல்லை. அம்மையார் எழுந்து நடப்பார் என்று பொய் சொல்லவும் நா எழவில்லை. இம்மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டே தருகிறோம். அவர் கண்ணில் படும் சுவரில் மட்டும் இதை மாட்டிவிடாதீர்கள். ஏனெனில், மங்கல மேடையில் சொல்லத் தகாததைத் தங்களுக்காகத் துணிந்து கேட்கிறோம்: அன்பு அண்ணலே, அம்மையாரை அனுப்பி வைத்த மறுநாள் வரையில் தாங்கள் வாழ்க!

இங்ஙனம்,
வாழ்த்த வந்து வாயடைத்து நிற்கும்
பராமரிப்புப் பிரிவுத் தோழர்கள்,
ஆவடி.