புதன்கிழமைச் சோதனை

எனக்கு வியர்த்தால் ஆகாது. உங்கள் ஸ்டேஷனில் மின்விசிறி கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, பரவாயில்லை சார், சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருடமாக அந்தக் கம்ப்யூட்டர் சர்வர் கட்டடத்தின் குளிரை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஊரில் யார் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாலும் எங்கள் சர்வர்கள் வழியாகத்தான் போகும். அறையைக் குளிர வைக்க இரண்டு சில்லர்கள். ஒன்று ஓடும், அது நின்றால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு புதன்கிழமை காலையிலும் ஓடுகிற சில்லரை நிறுத்தி, மற்றது எழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு புதன்கூடத் தவறியதில்லை. இரண்டும் நின்றால் பன்னிரண்டு நிமிடத்தில் சூடு தாங்காமல் சர்வர்கள் அணைந்துவிடும். நானே அளந்தது.

பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அணையவில்லை. அதுவே எனக்கு வினையாகிப் போனது.

“அண்ணே, உங்க ரூம்ல ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதே. மாசம் ஒரு தடவை யாராவது வந்து பாத்துட்டுப் போனாப் போதாதா?” என்றார் மேனேஜர், டீயை ஊதிக்கொண்டே. தங்கமான மனுஷன். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் என்னைச் சுட்டது. வீட்டில் சொன்னேன். “பிரச்சினை இல்லாம இருந்தா நல்லதுதானே, அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?” என்றாள் மனைவி. அவளுக்கும் புரியவில்லை.

அடுத்த புதன், சோதனைக்கு முன்பே மாற்று சில்லரின் தண்ணீர் வால்வை மூடினேன். பிறகு ஓடிக்கொண்டிருந்த சில்லரை நிறுத்தினேன். மாற்று எழுந்தது, தண்ணீர் இல்லாமல் படுத்துவிட்டது. என் கணக்கு இதுதான்: அலாரம் கத்தும், மேனேஜர் ஓடி வருவார், அவர் கண்முன்னே வால்வைத் திறப்பேன். எட்டு நிமிடம் போதும். யாருக்கும் ஒரு கீறல் விழாது.

முந்தின வாரம்தான் அந்த அறையில் இன்னும் இரண்டு வரிசை சர்வர்கள் ஏற்றியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டதே நான். இப்போது எத்தனை நிமிடத்தில் சூடு ஏறும் என்று மறுபடி அளக்கத் தோன்றவில்லை. ஐந்தாவது நிமிடமே சர்வர்களின் பச்சை விளக்குகள் வரிசையாக அணைய ஆரம்பித்தன.

வால்வின் பிடி என் கையில்தான் இருந்தது. கொஞ்சம் திருப்பினால் போதும். ஆனால் மேனேஜர் இன்னும் வரவில்லை. பார்க்க ஆளில்லாமல் திறந்து என்ன பிரயோஜனம்? காத்திருந்தேன்.

ஒன்பதாவது நிமிடம் வந்தார், காதில் போனோடு. “அண்ணே, அப்பா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்துட்டாராம். ஆம்புலன்ஸ் நம்பருக்கு ரிங்கே போகலையாம்.” அவர் பார்க்கும்படி வால்வைத் திறந்தேன். அறை குளிர்ந்து, சர்வர்கள் ஒவ்வொன்றாக எழுந்திருக்க ஐம்பது நிமிடம் ஆனது. அவர் அப்பா அதுவரை தாங்கவில்லை. அன்று அவரோடு சேர்த்து மூன்று பேர் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

சாவு வீட்டில் மேனேஜர் என் கையை விடவே இல்லை. “நீங்க இல்லேன்னா இன்னும் மோசமாயிருக்கும்ணே” என்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருடத்தில் ஒருவர் அதைச் சொல்வது அதுதான் முதல்முறை.

மூடியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். திறந்ததும் நான்தான். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.