பால்கனியில ஒரு கானா

அட, சத்தத்தைக் கேட்டுப் பயந்துட்டீங்களா? அது என் சின்னவன்தாண்ணே. உள்ள அவங்க அம்மா பிடிச்சுக்கிட்டு இருக்கா, சிஸ்டர் ஊசி போடணும். இன்னும் பக்கத்துலகூட வந்திருக்க மாட்டாங்க, அதுக்குள்ள ஊரைக் கூட்டுறான். நீங்களும் மஞ்சக் காய்ச்சல் ஊசிக்குத்தானா? எந்த நாட்டுக்கு? சரி சரி. இவங்க கானாவுக்கு. ஆப்பிரிக்காவுல மேற்க, கடலோரமா. இந்தப் பக்கம் டோகோ, அந்தப் பக்கம் ஐவரி கோஸ்ட், தலைக்கு மேல புர்கினா ஃபாசோ. சிரிக்காதீங்க. பள்ளிக்கூடத்துல மேப்பைத் தலைகீழா ஒட்டி உதை வாங்கினவன் நான். இப்ப தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

எல்லாம் இவனாலதான். அம்மாவுக்கு அங்க ஆஸ்பத்திரியில வேலைன்னதும் பெரியவ துள்ளிக் குதிச்சா. இவன் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டான். தெரியாத ஊரு, வரவே மாட்டேன்னு ஒரே அழுகை. அழுதுக்கிட்டு இருக்கிறவனை எப்படிண்ணே அனுப்புறது? தெரியாததுதானே பிரச்சனை, தெரிய வச்சுட்டாப் போச்சுன்னு கிளம்பினேன். யாரு? இந்த பிளம்பரு!

மொதல்ல பேரு. அங்க நிறையப் பேருக்குப் பொறந்த கிழமையை வச்சு ஒரு பேரு உண்டு. நான் செவ்வாய், அதனால குவாபெனா. இவன் வெள்ளி, கோஃபி. பெரியவ புதன். குவாக்குன்னு வச்சேன். ஒரு வாரம் வாட்ச்மேன்கூட குவாக்கு பாப்பா வந்தாச்சான்னுதான் கேட்டைத் திறந்தாரு. அப்புறம் பார்த்தா அது ஆம்பளைப் பேராம்! பொண்ணுன்னா அகுவா. அன்னைக்கு முழுக்க அவ மூஞ்சி குடுத்துப் பேசலையே.

அதோட விட்டேனா? அங்க வோல்டான்னு ஒரு ஏரி, மனுஷன் அணை கட்டி உண்டாக்கினது, சின்னக் கடலாட்டம் இருக்கும். தண்ணி விஷயம்னா நம்ம கை சும்மா இருக்குமா? பால்கனியில களிமண்ணைக் குழைச்சு முழு நாட்டையும் பரப்பிட்டேன். வடக்க காய்ஞ்ச புல்லுக்குத் துடைப்பக் குச்சி. தெக்க கொக்கோ தோட்டத்துக்கு சாக்லேட்டு, அதை நட்ட கையோட இவன் தின்னுட்டான். அணைக்கு உடைஞ்ச டைல்ஸ். குழாயைத் திறந்தேன், ஏரி நிரம்புச்சு, ரெண்டும் கை தட்டுதுங்க. பொத்துன்னு அணை புட்டுக்கிச்சு! கீழ் வீட்டம்மா குடையோட மாடி ஏறி வருது. ஊரு வீட்டு ஒழுகலையெல்லாம் அடைக்கிறவன் லட்சணம் பாருங்க. இவங்க அம்மா சிரிச்சு சிரிச்சு தரையிலயே உக்காந்துட்டா. அவ அப்படிச் சிரிச்சுப் பார்த்து ரொம்ப நாளாச்சு.

ஆனா வேலை நடந்துருச்சுண்ணே. இப்ப இவன்தான் எப்பப் போறோம், எப்பப் போறோம்னு உயிரை எடுக்கிறான். அங்க ஒரு சமயத்துல பாலைவனத்துத் தூசியை அள்ளிக்கிட்டு ஒரு காத்து வரும்னு சொல்லி வச்சேன். நான் வேலைக்குப் போட்டுக்கிற கண்ணாடியை எடுத்துப் பெட்டியில வச்சுட்டான். அப்பா கண்ணுக்குத் தூசி ஆகாதாம்.

என்னது, நானா? நான் போட்டுக்கலண்ணே. எனக்கு எதுக்கு ஊசி? நான்தான் போகலையே.

எனக்கும் அவளுக்கும் ஒத்து வரல, பிரிஞ்சுக்கலாம்னு முடிவாயிடுச்சு. சண்டை கிண்டை எல்லாம் ஓய்ஞ்சு போச்சு. பெரியவளுக்குத் தெரியும். இவனுக்குத்தான் இன்னும் சொல்லல. ஒரு நாட்டையே சொல்லிக் குடுத்துட்டேன், இந்த ஒண்ணைச் சொல்ல வாய் வரமாட்டேங்குது. சொல்லிடுறேண்ணே, வீட்டுக்குப் போனதும் சொல்லிடுறேன். இங்க வேணாம். ஏற்கனவே கை வலியோட வருவான்.

ஐயோ, கதவு திறக்குது. அண்ணே, ஒரு உதவி. சிஸ்டர்கிட்ட கேட்டு இந்த பிளாஸ்டரை வாங்கி வச்சேன், ஒத்தக் கையால ஒட்ட முடியல. சட்டையை மடிச்சுக்கிறேன், இந்தத் தோள்ல சட்டுனு ஒட்டி விடுங்க. இன்னும் கொஞ்சம் மேல. அங்கதான். ரொம்ப நன்றிண்ணே.

வாடா கோஃபி! இங்க பாரு, அப்பாவுக்கும் போட்டாச்சு. நீ அழுதியா? அதனாலென்ன, அப்பாவும்தான்டா அழுதேன். வேணும்னா இந்த மாமாவைக் கேளு.