கடைசிவரை பார்த்தேன்

மந்திரவாதிப் படங்களில் எனக்குப் பிடிக்காதது, அவன் காரணமே இல்லாமல் சிரிப்பது. காரியத்தில் கண்ணாக இருக்கிறவன் எதற்குச் சிரிக்கிறான்? நடந்ததைப் பேப்பரில் எழுதச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டரம்மா. எனக்குப் போனில் தட்டித்தான் பழக்கம். இதிலேயே அனுப்பிவிடுகிறேன்.

எங்கள் கரியாலூர் வாட்ஸ்அப் குரூப்பில் வாராவாரம் பட விமர்சனம் போடுகிறவள் நான்தான். மந்திரவாதிப் படம் மட்டும். கறுப்பு வெள்ளைப் படங்களில் எலுமிச்சம்பழம், குங்குமம், மாவு பொம்மை எல்லாம் ஒழுங்காக இருக்கும். இப்போது வருகிறதில் வெறும் புகை, அதுவும் கம்ப்யூட்டர் புகை. அதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? இதையெல்லாம் கண் வலிக்கத் தட்டி அனுப்புவேன். ரெண்டு கும்பிடு வரும், அதுவும் படிக்காமலே.

பச்சையம்மாள் எங்கள் தெருக்கோடியில் தனியாக இருந்தவள். காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்பாள். அவளும் போனில் படம் பார்க்கிறவள்தான். ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"இன்னா ஆயா, மந்திரவாதி செத்துட்டான்னு எய்தியிருக்க? அவன் தப்பிச்சிப் பூட்டான். பாதியில தூங்கிட்டியா?"

வரிசையே சிரித்தது. நான் தூங்கியது உண்மைதான். அதற்கப்புறம் எந்தப் படம் எப்படி என்று அவளிடம்தான் கேட்டார்கள். எனக்கு அந்த ரெண்டு கும்பிடும் நின்றுபோனது.

அடுத்த விமர்சனத்தில் ஒரு வரி சேர்த்தேன். 'இதில் வரும் சூனியக்காரி தனியாக இருக்கிறாள், காட்டில் வேர் பறிக்கிறாள், நம்ம ஊரில் யாரையோ பார்த்த மாதிரி இருக்கிறது.' பெயர் நான் போடவில்லை. நாற்பது பேர் பதில் போட்டார்கள், பெயரை அவர்களே போட்டார்கள்.

அந்த வாரம், ஊரில் வாடகை ஜீப் ஓட்டும் செல்லமுத்துவின் வண்டிக்கு அடியில் எலுமிச்சம்பழமும் மாவு பொம்மையும் கிடந்தன. நான் வைத்தவைதான். பழைய படத்து முறை. ரெண்டு நாளில் மலைப்பாதையில் அவன் டயர் வெடித்தது; பச்சையம்மாள் வைத்த சூனியம் என்று ஊரே சொன்னது. அதை நான் செய்யவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் பச்சையம்மாளைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஊரில் நின்றது செல்லமுத்துவின் ஜீப் ஒன்றுதான். ஆம்புலன்ஸ் கீழேயிருந்து ஏறிவர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். கால் வீங்கி, ஜீப் படியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இவள ஏத்திக்கினு மலை எறங்குனா என் உசுருக்கு யாரு பொறுப்பு?" என்றான் செல்லமுத்து. பிறகு என் பக்கம் திரும்பினான். "ஆயா, இந்தப் படமெல்லாம் பாக்கறவ நீதான். நீ சொல்லு, ஏத்தட்டுமா?"

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. பச்சையம்மாளும் பார்த்தாள்.

"சொல்லு ஆயா. நான் யாருக்கு இன்னா செஞ்சேன்?"

ஒன்றும் செய்யவில்லை என்று அங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"படத்துல அவளுங்க சாவற மாரிதான்டா நடிப்பாளுங்க" என்றேன்.

செல்லமுத்து வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கூட்டம் ரெண்டடி பின்னால் நகர்ந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவளை ஏற்ற அவசரமே இல்லாமல் போய்விட்டது.

அவளைக் கொன்றது நான்தான், இன்ஸ்பெக்டரம்மா. பாம்பு மேல் பழி போட மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் குரூப்பில் போட்டுவிடுங்கள். ஒன்றரை மணி நேரமும் நான் அங்கேதான் இருந்தேன். இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை.