பாலம் ஏறும் வரைக்கும்

ரொசாலின்: வெண்டல்... வண்டி நகரவே இல்லியே.

வெண்டல்: சனிக்கிழமைல்ல. ஹூஸ்டனே கடல்ல குளிக்கக் கெளம்பிருச்சு. பாலம் வரைக்கும் இப்படித்தான்.

ரொசாலின்: பாலம் ஏறாம பொறந்துட்டா?

வெண்டல்: பொறக்காது. ஹூஸ்டன்ல நம்ம வீட்டுக்கு எதுத்தாப்புலயே ஆஸ்பத்திரி இருந்துச்சு. நீதான் கால்வெஸ்டன் தீவுலதான் பெத்துப்பேன்னு நின்ன.

ரொசாலின்: உங்கம்மா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னைய 'பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரி'ங்கறாங்க. எம் புள்ளைய ஒருத்தரும் அப்படிச் சொல்லக் கூடாது.

வெண்டல்: எங்களுக்கு இருக்கற பெருமை அது ஒண்ணுதான். தீவுல பொறந்தவன்...

ரொசாலின்: பெத்தவங்க பாடுபட, பெருமை உனக்கு! போன் அடிக்குது பாரு.

வெண்டல்: அம்மா.

ரொசாலின்: எடு. சத்தமா வை. வலின்னு மட்டும் சொல்லு... வேற எதுவும் வேணாம்.

யூலா: டேய், பாலம் ஏறிட்டீங்களா?

வெண்டல்: இன்னும் இல்லம்மா.

யூலா: ரோசா, தாங்குவியாடி?

ரொசாலின்: தாங்கறேன் அத்தை.

யூலா: பல்லக் கடிச்சுக்கோ. பாலத்து நடுவுல பெத்து வச்சிராத. எந்தப் பக்கத்து ஆளுன்னு நான் சொல்றது?

வெண்டல்: அம்மா, சிரிக்க வைக்காத அவள.

ரொசாலின்: பேசட்டும்ப்பா. அத்தை... ஊரப் பத்திச் சொல்லுங்க. வயித்துல இருக்கறவனுக்குச் சொல்ற மாதிரி.

யூலா: அவனுக்கா... சரி. டேய் குட்டி, கேளு. உன் ஊரு ஒரு தடவ செத்துப் பொழச்ச ஊரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துல வந்த பெரும்புயல்ல ஆயிரக்கணக்குல போயிட்டாங்க. மிஞ்சுனவங்க கடலுக்குக் குறுக்க சுவர் கட்டுனாங்க. வீட்டையெல்லாம் ஜாக்கி வச்சுத் தூக்கி, அடியில மணலக் கொட்டி, ஊரையே ஒசத்துனாங்க.

வெண்டல்: கல்லறைத் தோட்டத்தையும்.

யூலா: ...ஆமா. அதையுந்தான். பழசுக்கு மேல மண்ணு, அதுக்கு மேல புதுசு. உன் எள்ளுத்தாத்தா எங்கயோ ஆழத்துல படுத்திருக்காரு.

ரொசாலின்: தனியா இல்லல்ல?

யூலா: தனியா ஏன்டி? ஊரே கூட இருக்கு.

வெண்டல்: மரத்தச் சொல்லும்மா.

யூலா: நூறு வருஷம் கழிச்சு வந்த இன்னொரு புயல்ல உப்புத் தண்ணி ஏறி ஓக் மரமெல்லாம் பட்டுப்போச்சு. வெட்டி எறிய மனசு வரல. நின்ன எடத்துலயே செதுக்கிட்டாங்க. கூழைக்கடா, டால்பின், தேவதை... எங்க தெருவுல ஒரு நாய்க்குட்டி. பஸ்ஸு பஸ்ஸா வந்து போட்டோ புடிக்கறாங்க. செத்த மரத்துக்கு அவ்ளோ கூட்டம்.

ரொசாலின்: கார ஏத்திட்டுப் போற அந்தப் பெரிய படகு, அத்தை...

யூலா: அதுல ஏறுனா டால்பின் கூடவே வரும். உங்கப்பன் ஏறுனா மட்டும் கடல் காக்காதான் வரும். ரொட்டியப் போட்டு, தலையில எச்சம் வாங்கிட்டு வருவான்.

வெண்டல்: ஒரே ஒரு தடவதான்ம்மா!

ரொசாலின்: ஆ... அம்மா...

யூலா: மூச்ச விடு. மெதுவா... மெதுவா.

வெண்டல்: தண்ணி தெரியுது ரோசா. ஏறியாச்சு. பாலம் ஏறியாச்சு.

ரொசாலின்: அத்தை... நீங்க ஆஸ்பத்திரிக்கு வர வேணாம்.

யூலா: ஏன்டி?

ரொசாலின்: வீட்லயே இருங்க. நாங்களே... நாங்க வர்றோம்.

யூலா: நான் ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கறேன்.

வெண்டல்: அம்மா, உங்கிட்ட ஒண்ணு...

யூலா: ரோட்டப் பாத்து ஓட்டுடா.

வெண்டல்: இல்லம்மா. நேத்து ஸ்கேன்ல...

யூலா: தெரியும். டாக்டர்கிட்ட போயிட்டு வந்து எனக்கு போன் போட்டியே, பேசவே இல்ல. வெறும் மூச்சுதான் கேட்டுச்சு. உங்கப்பா தவறுன அன்னிக்கும் அப்படித்தான்டா போட்ட. தொட்டிலத் துணியால மூடி மச்சுல வச்சுட்டேன். கல்லறைத் தோட்டத்துல அப்பா பக்கத்துல சின்னதா ஒரு எடம் கேட்டு வச்சிருக்கேன். ரோசா... அவசரமில்ல, மெதுவா வாங்க. அழாம பொறந்தா என்ன, அவன் தீவுல பொறந்தவன்தான். கல்லுல அப்படித்தான் செதுக்கணும்னு சொல்லிட்டேன்.