டிரைவர் பக்கத்து விளக்கு

காலை ஆறு மணி. ஏரியை ஒட்டிய சாலை... ஆள் நடமாட்டமே கிடையாது. எதிரே என்ன வருகிறது என்று தெரியாத பனிமூட்டம். யாரது சிரிப்பது? பேய் ராத்திரியில்தான் வரும் என்று உனக்கு யார் சொன்னது? எல்லோரும் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதியின் அக்காவுக்கு நடந்தது.

அக்கா புருஷன் கார் எலக்ட்ரீஷியன். ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பார். சொந்தக் காரைத் திரும்பிப் பார்க்க மாட்டார். எஞ்சின் போட்டதும் முன்னால் தானாக எரியுமே பகல் விளக்கு, அது டிரைவர் பக்கம் கெட்டுக்கொண்டே வந்தது. முதலில் மங்கியது. பிறகு வண்டி பள்ளத்தில் இறங்கினால் அணைந்து அணைந்து எரிந்தது. விளக்கின் கண்ணாடிக்குள்ளே ஈரம் கோத்திருந்தது.

"மாத்திடுங்களேன்," என்றாள் அக்கா.

"பகல்ல எரியற லைட்டுக்கு என்ன அவசரம்? தட்டினா எரியுது பாரு."

தினமும் கிளம்புமுன் விரல் முட்டியால் இரண்டு தட்டு. டொக்... டொக்... எரியும். பெரிய ரிப்பேர்!

ஒரு நாள் தட்ட மறந்துவிட்டார். பகல் விளக்கே போதும் என்று அந்தப் பனியில் ஹெட்லைட்டும் போடவில்லை. எதிரே ஸ்கூட்டரில் வந்தது அக்காவின் தம்பி. நைட் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். ஒற்றை வெளிச்சம்... ஓரமாக ஏதோ பைக் வருகிறது என்று நினைத்திருப்பான். நடுவில் இடம் இருக்கிறது என்று வந்தான்.

இடம் இல்லை.

புருஷனை அக்கா திட்டவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள். பேச்சை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டாள். அவர் உடனே புது விளக்கு மாட்டினார். இனிமேல் மாட்டி யாருக்கு என்ன பிரயோஜனம்?

தம்பி செத்த அந்த ஏரிக்கரை வளைவு வந்தால் புது விளக்கும் அணைந்தது. வயரைப் பார்த்தார், ஃபியூஸைப் பார்த்தார், எல்லாம் சரி. ஆனாலும் வளைவில் அந்தப் பக்கத்துப் பனி இருண்டுவிடும். வண்டியை நிறுத்துவார். பிரேக் போட்டுத் தேய்ந்த டயர் கருகுகிற வாடை... பிறகு வெளியிலிருந்து, டொக்... டொக்... விளக்கு எரியும்.

தாங்க முடியாமல் ஒரு நாள் அக்காவிடம் அழுதார்.

"நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா அவன் கேப்பான்."

அக்கா கூடப் போனாள். வளைவில் விளக்கு அணைந்தது. இறங்கி அதன் அருகே நின்றாள். அந்த வாடை... மிக அருகில் யாரோ மூச்சு விடும் சத்தம். மாதக்கணக்கில் பேசாதவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"தட்டாதடா, தம்பி."

தட்டவில்லை. மறுபக்கத்து விளக்கும் அணைந்தது. எஞ்சின் நின்றது. உள்ளே அவர் சாவியைத் திருகினார்... கர்ர்... கர்ர்... எதிரே லாரி இரைச்சல். அக்கா சாலையை விட்டு இறங்கி நின்றுகொண்டாள்.

பிறகு வீடு வரைக்கும் நடந்தே வந்தாளாம். பக்கத்திலேயே யாரோ ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அக்கா சிரிக்கிறாள்.